பின்மூடியில் ஒரு நசுங்கல்

ஜூனியாட்டா பள்ளத்தாக்கு இரயில் கடிகார ஆய்வு வட்டத்தில் 1986-ஆம் வருடம் இருபத்திரண்டு உறுப்பினர்கள் இருந்தார்கள். ஒருவர்கூட இரயில்வேயில் வேலை பார்த்தவர் கிடையாது. ஓய்வுபெற்ற பல் டாக்டர் ஒருவர், கணக்கு வாத்தியார்கள் இருவர், சவ அடக்க நிலையம் நடத்துபவர் ஒருவர், முப்பது வருடம் பெயின்ட் கடை வைத்திருந்த எல்வுட் க்ராட்ஸர் ஒருவர் என்று பட்டியல் போகும். நிஜ இரயில்காரர்கள் கெஸ்லர்வில் ஊரில் நிறையப் பேர் உயிரோடுதான் இருந்தார்கள். அவர்களில் ஒருவரைக் கூட்டத்துக்கு ஒரு தடவை அழைத்தும் பார்த்தார்கள். வந்தவர் காப்பி குடித்தார், ஆப்பிள் பை இரண்டு துண்டு தின்றார், "அந்தச் சனியனைப் பையில போட்டுக்கிட்டு அலையற பொழப்பு ஒழிஞ்சுதே, அதுவே போதும்" என்று சொல்லிவிட்டுப் போனார். அதற்குப் பிறகு யாரையும் அழைக்கவில்லை.

வட்டத்தினர் கூடிக்கூடி விவாதித்த விஷயம் ஒன்றே ஒன்றுதான். அது கடிகாரத்தின் வெளிக்கூடு பற்றியது. அந்தக் காலத்தில் எஞ்சின் டிரைவர் கடிகாரம் வாங்கப் போனால் கடைக்காரர் ஒரு இழுப்பறையிலிருந்து எந்திரத்தை எடுப்பார், இன்னொரு இழுப்பறையிலிருந்து கூட்டை எடுப்பார், கண்ணெதிரே இரண்டையும் பொருத்திக் கொடுப்பார். எந்திரத்தில் ஒரு எண் இருக்கும், கூட்டில் வேறொரு எண் இருக்கும். இரண்டுக்கும் எந்தச் சம்பந்தமும் கிடையாது. எந்தக் கூட்டில் எந்த எந்திரம் முதன்முதலில் குடியேறியது என்பதற்குச் சாட்சி உள்விளிம்பில் இருக்கும் திருகுத் தழும்புகள் மட்டும்தான். எந்திரத்தைக் கூட்டோடு பிடித்து வைக்கும் இரண்டு சின்னத் திருகுகள் முடுக்கும்போது அந்த விளிம்பில் அழுத்தமாக ஒரு வடுவை விட்டுவிடும். ஒரே ஒரு ஜோடி வடு இருந்தால் உத்தமம். இரண்டு ஜோடி இருந்தால் அந்த எந்திரம் கூடு விட்டுக் கூடு பாய்ந்தது என்று பொருள். வட்டத்தினர் லென்ஸை ஒற்றைக் கண்ணில் மாட்டிக்கொண்டு விளிம்பைத் தடவித் தடவிப் பார்ப்பதைக் கண்டால், பெண் பார்க்கப் போன இடத்தில் பெண்ணின் நடத்தையைப் பற்றித் துருவித் துருவி விசாரிக்கும் மாமியார்கள்தான் நினைவுக்கு வருவார்கள்.

இந்தப் பரிசோதனையில் எல்வுட்டின் கடிகாரம் மூன்று வருடம் தொடர்ந்து முதல் பரிசான நீல ரிப்பனை வாங்கியிருந்தது. 1905-இல் செய்த எந்திரம். கூடு தங்க முலாம், பின்மூடியில் புகை விட்டுக்கொண்டு ஓடும் ஒரு எஞ்சின் செதுக்கப்பட்டிருக்கும். ஒரே ஒரு ஜோடித் தழும்பு. அதில் எல்வுட்டுக்கு மட்டும் தெரிந்த ஒரு விஷயம் உண்டு. அந்தக் கூட்டில் எந்திரத்தைப் பொருத்தியவர் எல்வுட்தான். 1977-இல், தன் சமையலறை மேஜையில், பத்தே நிமிடத்தில். மூடிய கடை ஒன்றின் இழுப்பறையில் எழுபது வருடம் யாரும் தொடாமல் கிடந்த கூடு அது. பழைய கூடு கறுத்து, தேய்ந்து, பின்மூடி நசுங்கி, பார்க்கவே பிச்சைக்காரத்தனமாக இருந்தது. யாரும் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை.

ஆனால் அவருடைய ஆராய்ச்சியில் பொய் இல்லை. லைன்பாக் நகைக்கடை மூடியபோது அவர் மூன்று பெரிய பேரேடுகளை வாங்கி வந்திருந்தார். லைன்பாக்தான் அந்தக் காலத்தில் இரயில் கம்பெனி நியமித்த கடிகாரப் பரிசோதகர். பதினைந்து நாளுக்கு ஒரு முறை ஒவ்வொரு டிரைவரும் அவர் கடைக்குப் போய்ச் சுவர்க் கடிகாரத்தோடு தன் கடிகாரத்தை ஒப்பிட்டுக் காட்ட வேண்டும். எத்தனை நொடி முந்துகிறது, எத்தனை நொடி பிந்துகிறது என்று பேரேட்டில் ஏறும். வாரத்துக்கு முப்பது நொடிக்கு மேல் பிசகினால் வண்டி ஓட்ட முடியாது. எல்வுட் பதினோரு வருடம் அந்த நொடிகளை அட்டை அட்டையாக எழுதி, எந்திர எண்ணை வைத்து ஆளைக் கண்டுபிடித்துவிட்டார். எம்மெட் டன்லீவி. சரக்கு வண்டி டிரைவர். "வாரத்துக்கு நான்கு நொடி முந்தல், பதினாறு வருடமாக மாறாத ஒழுக்கம்" என்று உள்ளூர்ப் பத்திரிகையில் எல்வுட்டே எழுதிக் கொடுத்த செய்தி, கடிகார முகப்பின் படத்தோடு வெளிவந்தது.

மனைவி ஆர்லீன் அதைப் படித்துவிட்டு, "நம்ம கல்யாண நாள் எதுன்னு கேட்டா நீ முழிப்பே. செத்துப்போன ஆளு நாலு நொடி முந்தினது உனக்கு மனப்பாடம்" என்றாள்.

"கல்யாண நாளை யாரும் பேரேட்டுல எழுதி வைக்கலியே" என்றார் எல்வுட்.

"சர்ச்சுல எழுதியிருக்காங்க. போய்ப் பாரு."

செய்தி வந்த ஒன்பதாம் நாள் ஒரு கடிதம் வந்தது. எழுதியவர் பிளான்ச் ஹோக், நாற்பது மைல் தள்ளியிருக்கும் ஊர்க்காரர், வயது எழுபத்தொன்பது. எம்மெட் டன்லீவியின் மகள். அப்பா போன பிறகு அண்ணன் கடிகாரத்தை விற்றுவிட்டானென்றும், அதை ஒரு முறை கையில் வைத்துப் பார்க்க வேண்டுமென்றும், வேறு எதுவும் தேவையில்லையென்றும் எழுதியிருந்தார். எல்வுட் கடிதத்தை நான்கு தடவை படித்தார். வட்டத்தில் இதுவரை யாருக்கும் கிடைக்காத பாக்கியம் இது. நிஜமான வாரிசு. புகைப்படத்துக்கு எங்கே நிற்பது என்றுகூட யோசித்துவிட்டார்.

பிளான்ச் ஹோக் தானே காரை ஓட்டிக்கொண்டு ஒரு செவ்வாய்க்கிழமை பத்து மணிக்கு வந்து சேர்ந்தார். சின்ன உருவம். மோவாயில் ஒரு வெள்ளைக் கோடு. ஆர்லீன் காப்பி கொடுத்தாள். எல்வுட் சாப்பாட்டு மேஜையில் பச்சை வெல்வெட் துணியை விரித்து, அட்டைகளை வரிசையாக அடுக்கி, இருபது நிமிடம் பேசினார். பதினேழு மாணிக்கக் கற்கள், ஐந்து நிலைகளில் சரிபார்ப்பு, தற்செயலாக முள் நகராமல் இருக்கக் கண்ணாடியைத் திருகி எடுத்து உள்ளே நெம்புகோலை இழுத்தால்தான் நேரம் மாற்ற முடியும் என்கிற ஏற்பாடு, எல்லாம் சொன்னார். பிளான்ச் இரண்டு முறை கடிகாரத்தைப் பார்த்தார், ஒரு முறை ஜன்னலைப் பார்த்தார். கடைசியில் எல்வுட் கடிகாரத்தை இரண்டு கையாலும் ஏந்திக் கொடுத்தார்.

அவர் வாங்கித் திருப்பிப் பார்த்தார். எஞ்சின் படத்தைக் கட்டைவிரலால் ஒரு முறை தேய்த்தார். மேஜையில் வைத்துவிட்டார்.

"ரொம்ப அழகா இருக்கு. ஆனா இது எங்கப்பாவோடது இல்ல."

எல்வுட் சிரித்தார். இந்தச் சந்தேகத்துக்காகவே அவரிடம் ஏழு அட்டைகள் இருந்தன. "எந்திர எண்ணைப் பாருங்க, மிஸஸ் ஹோக். லைன்பாக் கையாலயே எழுதினது. உங்கப்பா பேரு, பக்கத்துல எண்ணு."

"உள்ள என்ன எண்ணு இருந்துச்சுன்னு எனக்கென்னப்பா தெரியும்? எங்கப்பாவுக்கே தெரிஞ்சிருக்காது. தொறந்து பாத்தா அந்த லைன்பாக் கடிச்சுக் குதறிடுவார்." பிளான்ச் காப்பியை ஒரு மடக்கு குடித்தார். "எங்க வீட்டுக் கடிகாரம் வெள்ளி. இந்த மாதிரி பொம்மையெல்லாம் கிடையாது. தேஞ்சு போயி வழுவழுன்னு இருக்கும். பின்னாடி என் பல்லு இருக்கும்."

"என்னது?" என்றாள் ஆர்லீன்.

"நாலரை வயசுல கரிக்கொட்டகை மேலேருந்து விழுந்தேன். இங்க கிழிஞ்சு போச்சு, முன்பல்லு ஒண்ணு போச்சு." மோவாயைத் தொட்டுக் காட்டினார். "டாக்டர் சமையக்கட்டு மேஜையில படுக்க வெச்சு தையல் போட்டார். நான் போட்ட கூச்சல்ல அடுத்த தெரு நாயெல்லாம் ஊளை விட்டுச்சாம். அம்மா வெளிய ஓடிட்டா. அப்பா வேலைக்குக் கிளம்பி நின்னுட்டிருந்தார். சட்டுனு கடிகாரத்தை எடுத்து வாயில வெச்சு, 'கடிச்சுக்கோ பிளான்சி, நான் பாத்துக்கறேன்'னார். ஏழு தையல். கண்ணாடி தூளாயிடுச்சு. பின்பக்கம் வெள்ளி தேஞ்சு மெலிசா இருந்துச்சில்ல, பல்லு அப்படியே பதிஞ்சு போச்சு. ரெண்டு குழி, நடுவுல ஒரு எடைவெளி, அப்புறம் ஒரு குழி. அப்புறம் தெனமும் வேலைக்குக் கிளம்பறப்ப அந்தக் குழியில கட்டைவிரலை வெச்சுப் பாத்துட்டுத்தான் பையில போடுவார். நான் பாத்திருக்கேன்."

1977-இல் சமையலறை மேஜையில் இருந்த அந்தப் பிச்சைக்காரக் கூடு எல்வுட்டுக்கு நன்றாக நினைவிருந்தது. இரண்டு குழி. நடுவில் இடைவெளி. அப்புறம் ஒரு குழி.

"உங்க மேல தப்பில்ல, மிஸ்டர் க்ராட்ஸர்" என்று பிளான்ச் எழுந்தார். "நீங்க நல்லாத்தான் தேடியிருக்கீங்க. வேற ஆளோடதா இருக்கும்." அவ்வளவு தூரம் வண்டி ஓட்டி வந்த ஒருவர் அவரைச் சமாதானப்படுத்திவிட்டுப் போனதுதான் எல்வுட்டுக்குத் தாங்கவில்லை. வாசலில் கார் கிளம்பும் சத்தம் கேட்கும் வரை நின்றுகொண்டே இருந்தார்.

"எந்தக் கூட்டை நீ மாத்தினே?" என்று கேட்டாள் ஆர்லீன்.

"உனக்கு எப்படித் தெரியும்?"

"அன்னிக்கு நான் மாவு பெசையணும், மேஜையக் காலி பண்ணுன்னு மூணு தடவ சொன்னேன். மறக்குமா?"

அன்று மத்தியானம் எல்வுட் பேரேட்டை மறுபடி எடுத்தார். பதினோரு வருடம் அவர் படித்தது நொடிக் கட்டத்தை மட்டும்தான். ஓரத்தில் "குறிப்பு" என்று ஒரு குறுகலான கட்டம் இருந்தது. அதில் எப்போதும் கூட்டைப் பற்றி ஏதாவது கிறுக்கியிருக்கும், அதனால் நேரத்துக்கு ஒன்றும் ஆகப்போவதில்லை என்று அவர் தாண்டிப் போயிருந்தார். இப்போது எம்மெட் டன்லீவியின் வரிகளை மட்டும் விரல் வைத்துப் படித்தார்.

ஜூன் 1911. நான்கு நொடி முந்தல். புதுக் கண்ணாடி. பின்மூடி நசுங்கல். கூட்டை மாற்றச் சொன்னேன். மறுத்துவிட்டார்.

பதினைந்து நாள் கழித்து. நான்கு நொடி முந்தல். பின்மூடி நசுங்கல். மாற்றச் சொன்னேன். மறுத்துவிட்டார்.

அதற்குப் பதினைந்து நாள் கழித்து அதே. அதற்கும் பிறகு அதே. கையெழுத்து வர வரக் கோபமாகிக்கொண்டே போனது. நல்ல நிக்கல் கூடு ஒன்றை இலவசமாகத் தருவதாகக்கூட ஓரிடத்தில் இருந்தது. மறுத்துவிட்டார். 1914 மார்ச்சில் லைன்பாக் எழுதியிருந்தார்: "பின்மூடி நசுங்கல். இனிமேல் கேட்கமாட்டேன்."

அறுபது தடவைக்கு மேல் ஒரு மனிதன் முடியாது என்று சொன்ன காரியத்தைத் தான் ஒரு ரிப்பனுக்காகப் பத்து நிமிடத்தில் செய்து முடித்ததை எல்வுட் எண்ணிப் பார்த்தார். எண்ணுவதில் அவர் கெட்டிக்காரர்.

பழைய கூட்டை அவர் அப்போதே ஒரு காலணிப் பெட்டி நிறையக் கூடுகளோடு சேர்த்து வட்டத்து உறுப்பினர் வில்பர் ஷெங்க்கிடம் கொடுத்துவிட்டு, பதிலுக்குக் கொஞ்சம் கண்ணாடிகள் வாங்கியிருந்தார். ஷெங்க்குக்குப் போன் செய்தார்.

"பல்லுப் பட்ட மாதிரி ஒண்ணா? ஞாபகமில்லாம என்ன" என்றார் ஷெங்க். "நான்தானேய்யா அதை டாக்டருக்கு வித்தேன், அவரோட புகழ்பெற்ற கூடு. போன வருஷம் ஒன்றரை மணி நேரம் அதைப் பத்திப் பேசினாரே. நீயும்தானே உக்காந்திருந்தே."

எல்வுட் உட்கார்ந்திருந்தார்தான். தூங்கிக்கொண்டிருந்தார்.

டாக்டர் க்ளேடன் ஸ்ட்ரிக்லர் வட்டத்தின் தலைவர். நாற்பது வருடம் கெஸ்லர்வில் ஊரின் பற்களைப் பார்த்துக்கொண்டவர். ஓய்வுபெற்ற பிறகு பல்லைப் பற்றிப் பேசுவதே இல்லை. அது வயிற்றுப்பிழைப்பு, கடிகாரம்தான் அறிவு என்பது அவர் கருத்து. அவருடைய கட்டுரை பதினான்கு பக்கம். "போர்க்களத் தழும்புகள்: தடம்புரண்ட ஒரு வண்டியின் வெள்ளிச் சாட்சி" என்பது தலைப்பு. பின்மூடியிலுள்ள மூன்று குழிகளும், வண்டி கவிழ்ந்தபோது டிரைவர் சரளைக்கற்கள்மேல் விழுந்ததால் உண்டானவை என்று கோணம் கோணமாகப் படம் போட்டு நிறுவியிருந்தார். உள்விளிம்பில் இரண்டு ஜோடித் தழும்பு இருந்தது. முதல் ஜோடி, தொழிற்சாலையில் செய்த "முன்னோட்டப் பொருத்தம்" என்று அடிக்குறிப்பில் விளக்கம். அப்படி ஒரு வழக்கம் எந்தத் தொழிற்சாலையிலும் இருந்ததாக யாரும் கேள்விப்பட்டதில்லை. ஆனால் டாக்டர் சொன்ன தோரணையில் இரண்டு வாத்தியார்களும் குறிப்பெடுத்துக்கொண்டார்கள்.

எல்வுட் போனில் விஷயத்தைச் சொல்லி முடித்ததும் மறுமுனையில் ஒரு மூச்சு நீளமாக வந்தது.

"எல்வுட், நீ வருத்தப்படக் கூடாது. ஒரு அம்மா சின்ன வயசுல எதையோ கடிச்சாங்க. அதுக்கும் ஆய்வுக்கும் என்ன சம்பந்தம்?"

"அந்தக் கூடு என் கையில இருந்துது, டாக்டர். என் எந்திரம் அதுலதான் இருந்துது."

"உன் எந்திரம் தங்கக் கூட்டுல இருக்கு. ஒரே ஜோடித் தழும்பு. மூணு வருஷம் ரிப்பன் கொடுத்தது நான்தான்."

"அந்தத் தழும்பைப் போட்டது நான்."

மறுபடி மூச்சு. "அப்படின்னா அதைச் சனிக்கிழமை எல்லார் முன்னாடியும் சொல்லு. விளிம்பை எல்லாரும் பாக்கட்டும். பொருந்தினா கூடு உன்னுது. பொருந்தலேன்னா என் கட்டுரைய சத்தமா ஒரு தடவ படிக்கணும், பதினாலு பக்கமும்."

"இது கொடூரம், டாக்டர்."

"ஆய்வுன்னா அப்படித்தான்."

சனிக்கிழமை பகல் இரண்டு மணிக்குத் தீயணைப்பு நிலையத்தின் கூடத்தில் வழக்கமான கூட்டம். நீள மேஜையில் ஹாம் சாண்ட்விச்சுகளும் வெல்லப்பாகு ஊற்றிய ஷூஃப்ளை பை என்னும் பலகாரமும். ஆர்லீன் அன்று முதன்முறையாக வட்டத்தின் கூட்டத்துக்கு வந்திருந்தாள். பிளான்ச்சையும் அவள்தான் போன் செய்து வரவழைத்திருந்தாள். பிளான்ச் கைப்பையை மடியில் வைத்துக்கொண்டு முன்வரிசையில் உட்கார்ந்திருந்தார். இருபத்திரண்டு ஆண்கள் தன் அப்பாவின் கூட்டைப் பற்றி இவ்வளவு தீவிரமாக இருப்பதைப் பார்த்து, "இவங்களுக்கெல்லாம் வீட்ல வேல எதுவும் கிடையாதா?" என்று ஆர்லீனின் காதில் கேட்டார். கூடம் முழுக்கக் கேட்டது.

"வேலை இருக்கு. அதான் இங்க வர்றாங்க" என்றாள் ஆர்லீன்.

எல்வுட் எழுந்து நின்றார். தயார் செய்து வந்த பேச்சு சட்டைப்பையில் இருந்தது. அதை எடுக்கவில்லை. "எழுபத்தேழுல நான் கூட்டை மாத்தினேன். எல்லாரும் அதை அசல்னு நெனச்சீங்க. நான் நெனைக்க விட்டேன்" என்றார். மூன்று நீல ரிப்பன்களையும் மேஜைமேல் வைத்தார். கணக்கு வாத்தியார் ஒருவர், ஏதோ ஆபாசத்தைக் கேட்டுவிட்டவர் போலத் தலையைக் குனிந்துகொண்டார். சவ அடக்க நிலையக்காரர் மட்டும், தொழில் பழக்கத்தில், எல்வுட்டின் தோளைத் தட்டிக்கொடுத்தார்.

டாக்டர் ஸ்ட்ரிக்லர் ஒரு நீலப் பெட்டியைத் திறந்தார். கறுத்த வெள்ளிக் கூடு. பின்மூடியைத் திருகிக் கழற்றினார், தன் எந்திரத்தின் திருகுகளைத் தளர்த்தி வெளியே எடுத்தார். நாற்பது வருடத் தொழில் கொடுத்த கை. வெறும் கூட்டை மேஜைமேல் நகர்த்தினார். எல்வுட் தன் எந்திரத்தைத் தங்கக் கூட்டிலிருந்து பிரித்து வெள்ளிக் கூட்டுக்குள் இறக்கினார். சாவி கொடுக்கும் குமிழ் உச்சியில்தான் வர வேண்டும், வேறெங்கும் திருப்பி வைக்க வழியில்லை. திருகை முடுக்கினார். திருகின் தலை, பழைய ஜோடித் தழும்புக்குள், பள்ளத்தில் கால் வைப்பது போல, போய் உட்கார்ந்தது. இரண்டாவது திருகும் அப்படியே.

டாக்டர் லென்ஸை மாட்டிக்கொண்டு குனிந்தார். நிமிர்ந்தார். மறுபடி குனிந்தார்.

"முன்னோட்டப் பொருத்தம்" என்றார், கொஞ்சம் பலவீனமாக.

"எழுவது வருஷமா வெளிய அலைஞ்ச எந்திரம் முன்னோட்டம் பாக்கத் தொழிற்சாலைக்கு எப்ப வந்துச்சு, டாக்டர்?" என்றார் ஷெங்க். யாரோ சிரித்துவிட்டு இருமலாக மாற்றினார்.

"எந்திரம் சரி. ஒத்துக்கறேன்" என்றார் டாக்டர். "ஆனா குழிகள் சரளைக்கல்லால வந்தது. அந்தக் கோணத்துல..." கூட்டை மூடி, பின்பக்கத்தைத் திருப்பி, வெளிச்சத்தில் பிடித்தார். லென்ஸ் கண்ணிலேயே இருந்தது.

இந்த மூன்று குழிகளையும் அவர் ஐந்து வருடம் கடிகார ஆய்வாளராகப் பார்த்திருந்தார். அந்தப் பகல் இரண்டரை மணிக்குத்தான் முதல் தடவையாக அவற்றைப் பல் டாக்டராகப் பார்த்தார்.

"மேல் தாடை" என்றார் மெதுவாக. குரலே வேறாக இருந்தது. நாற்காலியைச் சாய்த்து வாயைத் திறக்கச் சொல்லும் குரல். "பால்பல். இது இடதுபக்க முன்பல், இது அதுக்குப் பக்கத்துப் பல். வலதுபக்க முன்பல் இல்ல. தானா விழற வயசில்ல, அதனால அடிபட்டுப் போயிருக்கு. அதுக்கப்புறம் இது வலதுபக்கத்துப் பல். பற்கள் முன்னாடி தள்ளி நிக்குது." லென்ஸைக் கழற்றிவிட்டு முன்வரிசையைப் பார்த்தார். "கட்டைவிரல் சப்புவீங்களாம்மா?"

"ஆறு வயசு வரைக்கும்" என்றார் பிளான்ச். "அம்மா மிளகுத்தூள் தடவிப் பாத்தா. அதையும் சப்பிட்டேன்."

"எத்தனை தையல்?"

"ஏழு."

டாக்டர் தலையாட்டினார். பிறகு தன் பதினான்கு பக்கக் கட்டுரையை எடுத்து, ஏதோ தப்பான நோயாளியின் சீட்டைத் திருப்பி வைப்பது போலக் கவிழ்த்து வைத்தார். "என் அறைக்கு ஆயிரம் கொழந்தைங்க வந்திருக்கும். எவனாவது பெத்தவன் தன் கடிகாரத்தைக் கடிக்கக் கொடுத்திருந்தா நான் இன்னும் நல்ல டாக்டரா இருந்திருப்பேன்" என்றார். வட்டத்தின் வரலாற்றில் அவர் அடிக்குறிப்பு இல்லாமல் சொன்ன ஒரே வாக்கியம் அதுதான்.

எல்வுட் கடிகாரத்துக்குச் சாவி கொடுத்தார். வெல்வெட் துணி இல்லை, இரண்டு கையால் ஏந்தவும் இல்லை. சும்மா நீட்டினார். பிளான்ச் வாங்கினார். முகப்பைப் பார்க்கவில்லை, காதில் வைத்துக் கேட்கவும் இல்லை. நேரே பின்பக்கம் திருப்பி, கட்டைவிரலைக் குழியில் வைத்தார். கட்டைவிரல் தானாக இடம் கண்டுபிடித்துக்கொண்டது.

"நான் பெரிசா இருக்கும்னு நெனச்சிட்டிருந்தேன்" என்றார் பிளான்ச். "எவ்வளவு சின்ன வாயி."

திருப்பிக் கொடுக்கக் கையை நீட்டியபோது எல்வுட் வாங்கிக்கொள்ளவில்லை. "உங்ககிட்டயே இருக்கட்டும்" என்றார். "எனக்கு அட்டை இருக்கு."

"பதினொரு வருஷ அட்டை" என்றாள் ஆர்லீன். "வேணும்னா அதையும் எடுத்துட்டுப் போங்க."

இதற்குள் டாக்டர் ஸ்ட்ரிக்லர் எல்வுட்டின் தங்க முலாம் கூட்டைக் கையில் எடுத்திருந்தார். அனாதையாகிவிட்ட தன் எந்திரத்தை அதில் வைத்துப் பார்த்தார். இறங்கியது. திருகு மட்டும் கொஞ்சம் தள்ளி விழுந்து புதிதாக ஒரு ஜோடித் தழும்பைப் போட்டது. எல்வுட் வைத்துக்கொள்ளச் சொன்னார். டாக்டர் லென்ஸை மாட்டி விளிம்பை ஆராய்ந்தார். எஞ்சின் படத்தைத் தடவினார். முகம் மெல்ல மெல்லப் பழைய களைக்குத் திரும்பியது.

"சுவாரசியமான விஷயம்" என்றார் பக்கத்திலிருந்த வாத்தியாரிடம். வாத்தியார் பேனாவைத் திறந்தார்.

அதற்குப் பிறகு பதினைந்து நாளுக்கு ஒரு முறை, சனிக்கிழமை காலையில், பிளான்ச் ஹோக் நாற்பது மைல் ஓட்டிக்கொண்டு எல்வுட் வீட்டுக்கு வருகிறார். யாரும் ஏற்பாடு செய்ததல்ல. முதல் தடவை, "ஒழுங்கா ஓடுதான்னு பாத்துச் சொல்லுப்பா" என்று வந்தார். "மிஸ்டர் க்ராட்ஸர்" என்று கூப்பிடுவது அன்றோடு முடிந்தது. எல்வுட் சுவர்க் கடிகாரத்தோடு ஒப்பிட்டுப் பார்க்கிறார். ஆர்லீன் காப்பி போடுகிறாள். லைன்பாக்கின் மூன்றாவது பேரேட்டில் கடைசிப் பக்கங்கள் காலியாகத்தான் இருந்தன.

"நாலு நொடி முந்தல்" என்கிறார் எல்வுட். "பின்மூடி நசுங்கியிருக்கு. கூட்டை மாத்திடலாமா, மிஸஸ் ஹோக்? நல்ல நிக்கல் கூடு ஒண்ணு வெச்சிருக்கேன், சும்மாவே தர்றேன்."

"அதெல்லாம் முடியாது."

எல்வுட் குறிப்புக் கட்டத்தில் எழுதுகிறார்: மாற்றச் சொன்னேன். மறுத்துவிட்டார்.